தலைகீழாகத் தொங்கும் மனிதன்: டாரட் சீட்டுகளுக்குப் பொருள் வந்த கதை



பேரங்காடிகளின் ஓரக் கடைகளிலும் வார இறுதிச் சந்தைகளிலும் மேசைமேல் கறுப்புத் துணி விரித்து, படச் சீட்டுகளைப் பரப்பிப் பலன் கூறுவோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். கிளி சோதிடத்தைப் பார்த்து வளர்ந்த நம்மவர்க்கு இஃது அத்துணை அயலான காட்சியன்று. கிளி எடுத்தாலும் நம் கையே எடுத்தாலும், சீட்டில் உள்ள படத்திற்குப் பொருள் சொல்ல எதிரே ஒருவர் அமர்ந்திருக்கிறார். டாரட் எனப்படும் இந்தச் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருக்கிறதென்றும், அப்பொருள் எகிப்தியப் பூசாரிகளிடமிருந்து வழிவழியாக வந்ததென்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

பலன் பலிக்குமா, பலிக்காதா என்னும் வழக்கிற்குள் நான் நுழையப் போவதில்லை. என் கேள்வி வேறு. இந்தப் படத்திற்கு இந்தப் பொருளைக் கொடுத்தவர் யார்? எப்போது கொடுத்தார்?

படம் பார்த்து வாக்கியம் அமைக்கும் பாடத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருபவள் நான். ஆற்றங்கரையில் ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் நிற்கும் படத்தைக் காட்டினால், ஒரு மாணவன் "தாத்தா மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்" என்று எழுதுவான். பக்கத்து நாற்காலியில் இருப்பவள் "தம்பி தண்ணீரில் விழப் போகிறான்" என்று எழுதுவாள். இரண்டுமே படத்தில் இருக்கின்றன. இரண்டுமே படத்தில் இல்லை. பிறகு பயிற்சி நூலின் பின்பக்கத்தில் ஒரு விடை அச்சாகியிருக்கும். அச்சான பிறகு அதுவே "சரியான விடை" ஆகிவிடுகிறது. டாரட் சீட்டுகளின் வரலாற்றைப் படித்தபோதெல்லாம் எனக்கு அந்தப் பின்பக்க விடைகளே நினைவில் வந்தன.

முதலில் சீட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐரோப்பாவில் சீட்டாட்டம் பற்றிய உறுதியான சான்றுகள் 1370களில் திடீரென்று பெருகுகின்றன. 1377இல் புளோரன்சு நகரம் இப்புதிய ஆட்டத்திற்குத் தடை போட்டது. ஒரு பொருள் ஊருக்குள் வந்துவிட்டது என்பதற்குத் தடையாணையைவிடச் சிறந்த சான்று வரலாற்றாசிரியனுக்குக் கிடைப்பது அரிது! சீட்டுகள் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் நாட்டிலிருந்து வந்தன. அவர்களுடைய சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல் நகரின் தொப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நான்கு இனங்கள்: கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை. குதிரைமேல் அமர்ந்து பந்தடிக்கும் போலோ விளையாட்டை அக்கால இத்தாலியர் அறியார். ஆகவே மட்டையைக் கண்டவர்கள் அதனை வெறுங்கோல் என்று எண்ணிக் கோலாகவே வரைந்தார்கள். சில நூற்றாண்டுகள் கழித்து அந்தக் கோல் மந்திரக்கோல் ஆயிற்று. இன்று டாரட்டில் "கோல் இனம்" என்றால் நெருப்பு, வேட்கை, படைப்பாற்றல் என்று பொருள் சொல்கிறார்கள். அதன் தொடக்கம் ஒரு விளையாட்டு மட்டை.

பொருள் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் வீட்டுத் திண்ணைச் சீட்டாட்டத்திலேயே இருக்கிறது. "இஸ்பேட்" என்று நாம் சொல்லும் கறுப்பு இனத்தின் பெயர், இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் வாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் அதனை மண்வெட்டி என்னும் தங்கள் சொல்லோடு குழப்பிக்கொண்டார்கள். நாமோ வாளும் தெரியாமல், மண்வெட்டியும் தெரியாமல், இஸ்பேட்டை இறக்கிவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறோம்.

"துருப்பு" என்னும் சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வணிகரோடு கப்பலேறி வந்த சொல் அது. அதன் மூலத்தைத் தேடிப் போனால் இத்தாலிய மொழியின் "திரியோன்பி" என்னும் சொல்லில் போய் நிற்போம். வெற்றி ஊர்வலங்கள் என்பது அதன் பொருள். டாரட்டின் முதற்பெயரும் அதுவே. 1440இல் புளோரன்சைச் சேர்ந்த ஓர் ஆவண எழுத்தர் தம் நாட்குறிப்பில் இத்தகைய சீட்டுக்கட்டு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1442இல் பெராரா நகர அரண்மனைக் கணக்கேட்டிலும் இச்சீட்டுகள் வருகின்றன. வழக்கமான நான்கு இனச் சீட்டுகளோடு, அவை எல்லாவற்றையும் வெல்லக்கூடிய படச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். ஊர்வலத்தில் பின்னால் வருவது முன்னால் சென்றதைவிட உயர்ந்தது. அதுபோல ஒரு படத்தை அடுத்த படம் வெல்லும். காதல் அரசனை வெல்லும், மரணம் காதலை வெல்லும் என்பதுபோன்ற வரிசை. இன்று உலகெங்கும் பலன் கூறப் பயன்படும் 22 படங்களின் பிறப்பு இதுதான். அவை நம் துருப்புச் சீட்டின் மூதாதையர். "தாரோக்கி" என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஏடுகளில் தோன்றுகிறது.

அக்காலச் சீட்டுகளில் மிகுதியாக எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று, மிலான் நகர ஆட்சியாளர் பிரான்செஸ்கோ ஸ்போர்சாவுக்கும் அவர் மனைவி பியாங்கா மரியா விஸ்கோந்திக்கும் ஏறத்தாழ 1450களில் வரையப்பட்ட கட்டு. ஓவியர் போனிபாச்சோ பெம்போ என்று கருதுகிறார்கள். 78இல் 74 சீட்டுகள் பிழைத்திருக்கின்றன. அவற்றுள் 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் உள்ளன. 26 இத்தாலியின் பெர்கமோ நகர அருங்காட்சியகத்தில். 13 அந்நகரத்துக் குடும்பம் ஒன்றிடம். தங்கத்தகடு ஒட்டிய அச்சீட்டுகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. ஆடுபவர்க்குப் பார்த்தவுடனே தெரியும் என்பதால் எழுத வேண்டிய தேவை ஏற்படவில்லை. அன்றைய மிலான் குடிமகன் அப்படங்களைக் கோவில் சுவரிலும் திருவிழா ஊர்வலத்திலும் பார்த்துப் பழகியவன்.

இனி ஒரு சில சீட்டுகளைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

மந்திரவாதி என்று இன்று அழைக்கப்படும் சீட்டில் முன்பு இருந்தவன் சந்தைத் திடலில் மேசை போட்டுக் கிண்ணமும் பந்தும் வைத்து வித்தை காட்டும் ஆள். துருப்புகளில் மிகத் தாழ்ந்தவன் அவனே. எனினும் ஆட்டத்தில் அவனுக்குப் புள்ளி அதிகம். கடைசிச் சுற்றை அவனைக் கொண்டு வெல்வது பல ஆட்டங்களில் பெரும் பெருமை. தெருவோரக் கூத்தாடி பின்னாளில் விண்ணையும் மண்ணையும் இணைக்கும் ஞானியாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டான். நல்லது, போகட்டும்.

அதிர்ஷ்டச் சக்கரம் எனக்கு மிகவும் பிடித்த சீட்டு. காரணம், தமிழாசிரியையின் காரணம். விஸ்கோந்தி–ஸ்போர்சா கட்டில் நடுவே கண் கட்டப்பட்ட ஒரு பெண், சுற்றிலும் நால்வர். ஏறிக்கொண்டிருப்பவன் தான் இனி ஆளப்போவதாகச் சொல்கிறான். உச்சியில் இருப்பவன் ஆண்டுகொண்டிருப்பதாகச் சொல்கிறான். இறங்குபவன் முன்பு ஆண்டதாகச் சொல்கிறான். எதிர்காலம், நிகழ்காலம், இறந்தகாலம் என முக்காலமும் ஒரே படத்தில்! வினைமுற்றுக் கற்பிக்க இதைவிட நல்ல படத்தை நான் கண்டதில்லை. அடியில் நான்காவதாக நரைத்த முதியவர் ஒருவர் சக்கரத்தைச் சுமந்தபடி தவழ்கிறார். தமக்கு ஆட்சியே இல்லை என்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறுபவனுக்குக் கழுதைக் காது முளைக்கிறது; உச்சியில் இருப்பவனுக்கு முழுதாக வளர்ந்துவிட்டது; இறங்குபவனுக்குக் கழுதை வால். அடியில் கிடக்கும் முதியவர் மட்டுமே முழு மனிதராக இருக்கிறார். ஆளும் குடும்பத்தார் தங்கள் ஓய்வுநேர ஆட்டத்திற்கு இப்படி ஒரு படத்தை வரைவித்துக்கொண்டார்கள் என்பதை எண்ணினால் அவர்கள்மேல் எனக்குச் சற்று மரியாதையே உண்டாகிறது. செல்வத்தைச் சக்கரத்தோடு ஒப்பிடுவது நாலடியார் படித்த நமக்கும் புதிதன்று. இன்றைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த நால்வரும் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் எகிப்திய விலங்குருவங்களும் மறைபொருள் எழுத்துகளும் வந்து குடியேறிவிட்டன. பொதுவான பலன்: "நல்ல மாற்றம் வருகிறது." அடியில் தவழ்ந்த முதியவர் எங்கே போனார் என்று கேட்பாரில்லை.

துறவி என்னும் சீட்டிலும் இதே கதைதான். இன்று அவர் கையில் விளக்கு. பொருள், தனிமையும் ஞானத் தேடலும். பழைய மிலான் சீட்டில் அவர் ஏந்தியிருப்பது மணற்கடிகை. அவர் துறவியே அல்லர், காலம். பழைய பட்டியல்களில் கிழவன் என்றும் கூனன் என்றும் கூட அவருக்குப் பெயருண்டு. மணற்கடிகையை விளக்காக மாற்றிக்கொண்டோம். வயது ஏறுகிறது என்ற எச்சரிக்கை, தனித்திருந்து சிந்தி என்ற அறிவுரையாகிவிட்டது.

அடுத்து வருவது பெண் போப்பாண்டவர். உயர் பூசாரினி என்று இன்று அவருக்குப் பெயர். உள்ளுணர்வு, மறைந்த அறிவு என்பன இன்றைய பொருள்கள். கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றில் பெண் போப்பாண்டவர் எவரும் இல்லை. அப்படியிருக்க, இத்தாலிய அரண்மனைச் சீட்டில் மூன்றடுக்கு மகுடம் அணிந்து ஒரு பெண் அமர்ந்திருப்பது எப்படி? அக்காலத்துத் துறவி ஒருவர் சீட்டாட்டத்தைக் கண்டித்து ஆற்றிய மறையுரை ஒன்று ஏட்டில் எஞ்சியிருக்கிறது. துருப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வரும் அவர், இந்தச் சீட்டுக்கு வந்ததும் கிறித்தவ நம்பிக்கைக்கே மாறானது என்று கொதிக்கிறார்.

கெர்ட்ரூட் மோக்லி என்னும் நூலகர் நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றியவர். 1966இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு விடை சொன்னார். மிலானில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குலியெல்மா என்னும் பெண்மணியைத் தூய ஆவியின் அவதாரம் என்று நம்பிய ஒரு சிறு குழு இருந்தது. அக்குழுவினர் மான்பிரெதா என்னும் கன்னியாத்திரியைத் தங்கள் போப்பாண்டவராக ஏற்றார்கள். 1300இல் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைக் கைது செய்தது. அவர் எரித்துக் கொல்லப்பட்டார். ஏற்கெனவே இறந்து அடக்கமாகியிருந்த குலியெல்மாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். மான்பிரெதா விஸ்கோந்தி குடும்பத்தின் உறவினர்! சீட்டில் உள்ள பெண்ணின் பழுப்பு நிற ஆடை அவர் சார்ந்த சபையின் எளிய உடையைப்போல இருக்கிறது. ஆகவே அந்தக் குடும்பம் எரிந்துபோன தன் உறவுப் பெண்ணைச் சீட்டில் வைத்துக் காத்துக்கொண்டது என்பது மோக்லியின் கருத்து. எல்லா ஆய்வாளரும் இதனை ஏற்கவில்லை. பதுவா நகரச் சிற்றாலயத்தில் ஜோத்தோ வரைந்த "விசுவாசம்" என்னும் உருவத்தைப்போல இதுவும் ஓர் அறத்தின் உருவகம் என்பார் உண்டு. யோவான் என்னும் பெண் போப்பாண்டவரைப் பற்றிய கட்டுக்கதையைச் சுட்டுவாரும் உண்டு. மோக்லி சொன்னது மெய்யாக இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்புகிறது. விரும்புவதால் அது மெய்யாகிவிடாது என்பதும் தெரிகிறது. எப்படியாயினும், அச்சத்தையும் துணிவையும் சுமந்த ஒரு படம் அது. 1725இல் பொலோஞ்ஞா நகரில் திருச்சபை அதிகாரிகளின் ஆணையால் போப்பாண்டவர், பேரரசர் முதலிய நான்கு சீட்டுகளும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் நான்கு மூர் இன வீரர்களின் படங்கள் வைக்கப்பட்டன.

இப்பொழுது தலைகீழாகத் தொங்கும் மனிதனுக்கு வருவோம்.

இரண்டு மரக்கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு சட்டம். அதில் ஓர் இளைஞன் ஒற்றைக்காலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறான். மற்றொரு கால் மடிந்திருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால். இன்று டாரட் விளக்க நூல்களைத் திறந்தால் தன்விருப்பத் தியாகம், பொறுமை, உலகைப் புதிய கோணத்தில் காணுதல் என்று எழுதியிருப்பார்கள். பழைய இத்தாலியப் பட்டியல்கள் சிலவற்றில் அவனுக்குப் பெயர் வேறு: துரோகி.

அக்கால இத்தாலிய நகரங்களில் அவமானச் சித்திரம் என்று ஒரு தண்டனை இருந்தது. நாட்டுக்குத் துரோகம் செய்தவன், கடன்காரரை ஏமாற்றிவிட்டு ஓடியவன், நொடித்துப்போனவன் ஆகியோர் பிடிபடாவிட்டால், அவர்கள் உருவத்தை நகர்மன்றச் சுவரில் தலைகீழாகத் தொங்குவதுபோல வரைவித்தார்கள். ஆளைத் தூக்கிலிட முடியாத அரசு அவன் பெயரைத் தூக்கிலிட்டது. பெரிய ஓவியர்களே இவ்வேலையைச் செய்திருக்கிறார்கள். அந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ என்பவர் 1440இல் புளோரன்சின் பகைவர்களை இவ்வாறு வரைந்ததால், வாழ்நாள் முழுவதும் "தூக்கிலிடப்பட்டோரின் அந்திரேயா" என்ற பட்டப்பெயரைச் சுமந்தார். 1478இல் மெதிச்சி குடும்பத்துக்கு எதிரான சதியில் ஈடுபட்டோரைச் சுவரில் வரைந்தவர் போத்திச்செல்லி. ஆக, அன்றைய மனிதன் அச்சீட்டைப் பார்த்ததும் தியாகத்தை நினைத்திருக்க மாட்டான். சந்தைக்குப் போகும் வழியில் சுவரில் பார்த்த முகம் அவன் நினைவுக்கு வந்திருக்கும்.

வியப்பு இங்கேதான் இருக்கிறது. மிலான் ஆட்சியாளர் பிரான்செஸ்கோவின் தந்தை மூட்சியோ ஸ்போர்சா, கூலிக்குப் போரிடும் படைத்தலைவர். கொத்திஞ்ஞோலா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1412இல் அவர், எதிர்ப்போப்பு என்று இன்று வரலாற்றில் குறிக்கப்படும் இருபத்து மூன்றாம் யோவானின் பணியை விட்டு, நேப்பிள்ஸ் மன்னரிடம் போய்ச் சேர்ந்தார். சினங்கொண்ட யோவான், உரோமை நகரின் பாலங்களிலும் வாயில்களிலும் மூட்சியோ ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குவதாகப் படம் வரைவித்தார். கொத்திஞ்ஞோலாவின் நாட்டுப்புறத்தான் என்று ஏளனமும் செய்தார். மகன் பிரான்செஸ்கோவுக்கு அப்போது பதினொரு வயதுதான். தந்தை 1424இல் ஆற்றில் தவறி விழுந்த தம் பணியாளச் சிறுவனைக் காக்கப் போய் மூழ்கி இறந்தார். மகன் 1450இல் மிலானின் டியூக் ஆனார். பிறகு அவருக்கென்று தங்கத்தகட்டில் வரையப்பட்ட சீட்டுக்கட்டில், ஒற்றைக்காலில் தொங்கும் மனிதனும் இருக்கிறான். முகத்தில் வேதனை இல்லை. அமைதியாக நம்மைப் பார்க்கிறான். பிரான்செஸ்கோ அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபோது என்ன நினைத்தார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

இந்தத் துரோகி தியாகியானது எப்படி? 1781இல் பாரிசில் கூர் தெ கெபலின் என்னும் பாதிரியார் தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில், டாரட் ஓர் எகிப்திய ஞானநூல் என்று அறிவித்தார். நண்பர்கள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம்; கால்மணி நேரத்தில் பொருள் விளங்கிவிட்டதாம். டாரட் என்ற சொல்லுக்கு எகிப்திய மொழியில் அரச பாதை என்று பொருள் என்றும் எழுதினார். எகிப்திய எழுத்துகளைப் படிக்க உதவிய ரொசெட்டா கல் கண்டெடுக்கப்பட்டது 1799இல். சம்போலியன் அவ்வெழுத்துகளின் மறைவைத் திறந்தது 1822இல். யாராலும் படிக்க முடியாத மொழிக்குப் பொருள் சொல்வதில் ஒரு வசதி உண்டு, மறுப்பவர் இருக்கமாட்டார்! தொங்கும் மனிதனைப் பற்றி அவர் சொன்னது இன்னும் சுவையானது. இப்படம் உண்மையில் விவேகத்தின் உருவமாம். ஒரு காலை ஊன்றி, மறு காலை எங்கே வைப்பது என்று எண்ணி நிற்கும் மனிதனாம். சீட்டு அச்சடித்தவன் அறியாமையால் படத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டானாம். நாற்சந்தியில் வரைந்து வைத்த அவமானத்தை ஒரே வாக்கியத்தில் விவேகமாக்கிவிட்டார்.

அவருக்குப் பின் அலியெத் என்பவர் தம் பெயரின் எழுத்துகளையே தலைகீழாக்கி "எத்தெய்லா" என்று வைத்துக்கொண்டு, சீட்டின் நேர்நிலைக்கு ஒரு பொருள், தலைகீழ் நிலைக்கு மற்றொரு பொருள் என்று முறைவகுத்து நூல்கள் எழுதினார். 1789இல் பலன் கூறுவதற்கென்றே தனிக் கட்டு வெளியிட்டார். எலிபாஸ் லெவி 1850களில் 22 துருப்புகளையும் 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். 1888இல் லண்டனில் தோன்றிய "பொன் விடியல்" என்னும் மறைஞானச் சங்கம் இவற்றோடு கோள்களையும் இராசிகளையும் சேர்த்தது. இராசிகளின் வரிசைக்குப் பொருந்தவில்லை என்பதால் எட்டாம் இடத்தில் இருந்த நீதியும் பதினோராம் இடத்தில் இருந்த வலிமையும் இடம் மாறின. அச்சங்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் அம்மாற்றத்தைத் தம் கட்டில் செய்துவிட்டு, தமக்கு நிறைவு தரும் காரணங்களுக்காக மாற்றியதாக மட்டும் எழுதினார். காரணம் எழுதாத விடைக்கு என் வகுப்பில் முழு மதிப்பெண் கிடையாது. இவர்களுடைய எகிப்தியக் கதைகளைச் சான்றுகளோடு களைந்து, டாரட் என்பது முதன்மையாக ஓர் ஆட்டமே என்று 1980இல் பெருநூல் எழுதியவர் மைக்கேல் டம்மெட். ஆக்ஸ்போர்டின் தத்துவப் பேராசிரியர். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் அந்த ஆட்டத்தை மக்கள் இன்றும் ஆடுகிறார்கள்.

வெயிட்டின் கட்டில் தொங்கும் மனிதனுக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிட்டது. தூக்குக் கம்பம் இலை துளிர்க்கும் மரமாகிவிட்டது. அவருடைய விளக்க நூலில் ஞானம், சோதனை, தியாகம் என்பன அதன் பொருள்களாகப் பட்டியலிடப்பட்டன. அதுவே உலகெங்கும் அச்சான பின்பக்க விடை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். அவள் தந்தை தொழிலில் நொடித்து, கடன்காரர்களுக்கு அஞ்சி வீட்டைவிட்டே போய்விட்டிருந்தார். அவளுக்கு வேறு மாநிலத்தில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. யாரோ ஒருவரிடம் சீட்டுப் பார்த்திருக்கிறாள். வந்தது இந்தச் சீட்டு. "இது தியாகத்துக்கான காலம், அசையாமல் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டி, "டீச்சர், நீங்கள்தான் இந்தச் சீட்டுகளைப் பற்றியெல்லாம் படிப்பீர்களே. உண்மையிலேயே இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? நொடித்துப்போய் ஓடியவர்களைச் சுவரில் வரைந்த படம் இது என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதா? சற்று நேரம் தயங்கினேன். பிறகு முழுவதையும் சொன்னேன். சுவர்ச் சித்திரத்தைச் சொன்னேன். உரோமையின் பாலங்களில் தொங்கிய மூட்சியோவைச் சொன்னேன். பதினொரு வயது மகனைச் சொன்னேன். அவன் டியூக் ஆனதையும், அந்தப் படம் தங்கத்தகட்டில் அவன் சீட்டுக்கட்டிலேயே இருந்ததையும் சொன்னேன். அவள் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவை அப்படி வரைந்து வைத்தவருக்கு என்ன ஆயிற்று, டீச்சர்?" என்றாள். 1415இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வாரத்தில் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் சொல்லைக் கேட்டுப் போனாள் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். பதிவு செய்யும் கடைசி நாள் நெருங்கியிருந்தது, அவள் தாயும் ஒரு பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பேசியில் இருந்த படத்தை வரைந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. வெயிட் எழுதினார், வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். 1878இல் லண்டனில் பிறந்து, ஜமைக்காவில் வளர்ந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓவியம் பயின்றவர். ஜமைக்காவின் அனன்சிச் சிலந்திக் கதைகளைப் படங்களோடு நூலாக்கியவர். அக்கதைகளை அந்நாட்டு வழக்கிலேயே மேடையில் சொல்லிக் காட்டியவர். 1909இல் குறுகிய காலத்திற்குள் 78 சீட்டுகளையும் வரைந்து முடித்தார். அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கின் புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்சுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலையொன்றை மிகச் சிறிய பணத்திற்கு முடித்துவிட்டதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அவருக்கு முன்பு, இனச் சீட்டுகளில் பெரும்பாலும் படமே இருக்காது. மூன்று வாள் என்றால் மூன்று வாள்கள், ஐந்து நாணயம் என்றால் ஐந்து நாணயங்கள், அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்ட சோலா புஸ்கா என்னும் கட்டு ஒரு விதிவிலக்கு. அதன் ஒளிப்படங்கள் 1907இல் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வந்தன. பமேலா அவற்றைப் பார்த்திருக்கிறார் என்பது அவர் வரைந்த சீட்டுகளிலேயே தெரிகிறது; இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கும் படம் அங்கிருந்து வந்தது. மற்றவற்றுள் பல அவர் கற்பனை. ஐந்து நாணயச் சீட்டில், ஒளி வீசும் கோவில் சன்னலுக்கு வெளியே பனியில் நொண்டியபடி நடக்கும் ஏழைகள் இருவர்.  துருப்புகளுக்கு வெயிட் விரிவாக வழிகாட்டினார். இனச் சீட்டுகளைப் பெரும்பாலும் அவரிடமே விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்று "ஐந்து நாணயம் வந்தால் வறுமை, கைவிடப்படுதல்" என்று உலகின் எந்த மூலையில் ஒருவர் சொன்னாலும், அவர் படிப்பது எகிப்தை அன்று. முப்பத்தொரு வயது ஓவியர் ஒருவர் தாமே கண்டு வரைந்த படத்தை.

அந்தக் கட்டு "ரைடர் வெயிட்" என்ற பெயரால் புகழ்பெற்றது. ரைடர் பதிப்பகத்தின் பெயர்; வெயிட் எழுதியவர் பெயர். வரைந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில்தான் பரவியது. 1911இல் பமேலா கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். பின்னர் கார்ன்வால் கடற்கரைப் பகுதிக்குச் சென்று வாழ்ந்தார். 1951 செப்டம்பர் 18ஆம் நாள் பியூட் என்னும் சிற்றூரில் காலமானார். கடன் இருந்தது, அவருடைய உடைமைகள் அதற்காக விற்கப்பட்டன. அவர் கல்லறை எது என்று தெரியவில்லை.

அடுத்த முறை யாரேனும் அந்தச் சீட்டுகளை உங்கள் முன் பரப்பினால், படத்தின் அடிப்பகுதி மூலையைச் சற்றுக் குனிந்து பாருங்கள். கொடிபோலச் சுருண்ட ஒரு சிறு குறி இருக்கும். பமேலாவின் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் அதில் பின்னிக் கிடக்கின்றன.